ஈரத்தைத் துரத்திய கொடி ஆன்ட்டி

ஈரத்துணி விஷயத்தில் திருப்பதி முழுவதும் ஒரு பக்கம் நின்றாலும், கொடி ஆன்ட்டி மறுபக்கம் தனியாக நின்று ஜெயித்துவிடுவார். சும்மா சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதிலிருந்தே அவருடைய லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, அவர் கையால் சாப்பிட்டு, அவர் வாயால் திட்டு வாங்கியவள் நான். ஒரு துணி காய்ந்ததா இல்லையா என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டால் அப்பீல் போக இந்த நாட்டில் கோர்ட்டே கிடையாது.

அவருடைய நிஜப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. சிலிண்டர் போட வருகிறவர்கூட “கொடி ஆன்ட்டி ஹாஸ்டல்தானே?” என்றுதான் கேட்பார். மொட்டை மாடியில் வரிசையாகக் கட்டியிருந்த துணிக்கொடிகளில் அவர் ஆட்சிதான் நடந்தது, அதனால் வந்த பெயர். அவரும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஊர் சொல்லித்தான். நான் ராணிப்பேட்டை. பக்கத்துக் கட்டில் குடிபாலா. எதிர்க் கட்டில் அரக்கோணம். காலையில் அவர் எங்களை எழுப்புவதைக் கேட்டால் ரயில் அறிவிப்பு மாதிரி இருக்கும்.

சித்தூரில் பழைய மிஷன் சர்ச் குடும்பம் அவருடையது. கணவர் காலமான பிறகு திருப்பதிக்கு வந்து, ஒரு வீட்டின் மாடி இரண்டையும் வாடகைக்குப் பிடித்து ஹாஸ்டல் ஆரம்பித்தார். கீழ்த்தளத்தில் ஓனரும் அவர் மனைவியும். எங்களில் பாதிப் பேர் ஸ்ரீசிட்டி கம்பெனிகளில் வேலை பார்த்தோம். விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டுகிற நேரத்தில்தான் திரும்புவோம். எங்கள் துணிகளுக்குப் பகல் முழுவதும் தாய் தகப்பன் ஆன்ட்டிதான்.

மாடியில் சட்டதிட்டம் பயங்கரம். ஜீன்ஸ் எல்லாம் மேற்குக் கொடி, ஏனென்றால் அங்கே வெயில் கடைசி வரை நிற்கும். சுடிதார் கிழக்கு. உள்ளாடைகள் நடுக்கொடி, இரண்டு பக்கமும் பெட்ஷீட் காவல். டீ சர்ட்டைத் தோளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் போச்சு.

“இன்னா இது? தோள்ல கிளிப்பு போட்டா சட்டைக்கு கொம்பு மொளைக்கும். கம்பெனில உன்ன மாடுன்னு கட்டிப் போடுவாங்க. தலகீழா மாட்டு.”

காய்ந்ததா என்று பார்க்க அவர் கையை நம்பமாட்டார். துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடுவார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கிறபோது நாம் மூச்சை அடக்கி நிற்போமே, அப்படி நிற்போம். கண்ணைத் திறந்து “உம்” என்றால் காய்ந்தது. “உஹும்” என்றால் திரும்பக் கொடிக்குப் போகவேண்டும்.

ஒருநாள் நேரமாகிவிட்டதென்று, காலர் மட்டும் லேசாக ஈரமாக இருந்த யூனிஃபார்ம் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் விட்டேன். பின்னாலேயே ஆன்ட்டி வந்து பஸ்ஸை நிறுத்தி, உள்ளே ஏறி, அத்தனை பேர் முன்னால் என் காலரை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்தார்.

“எறங்கு.”

“ஆன்ட்டி, லேட்டாவுது ஆன்ட்டி.”

“சளி புடிச்சா லீவு போடுவியே, அது லேட்டு இல்லையா? எறங்கு, வேற கோட்டு எடுத்து வச்சிக்கினு இருக்கேன்.”

டிரைவர் தெலுங்குக்காரர். எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். அதன் பிறகு எங்கள் ஸ்டாப்பில் கதவைத் திறப்பதற்கு முன் “கொடி ஆன்ட்டி ஓகே சேசாரா?”, அதாவது ஓகே செய்துவிட்டாரா, என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துச் சித்தூர் சர்ச்சுக்குப் போய்விடுவார். அங்கே அவர் என்ன ஜெபம் செய்வாரோ தெரியாது. வீட்டில் செய்வது எங்களுக்கு மனப்பாடம். “மழ வேணாம்னு சொல்லல கர்த்தாவே. ராத்திரில பேயட்டும், ஏரி ரொம்பட்டும். பகல்ல மட்டும் எனக்கு வெயில் குடு.” பல நாள் அந்த ஏற்பாட்டுக்குக் கர்த்தரும் சம்மதித்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

சம்மதிக்காதவர் ஓனர். ஒரு வருடம் மழைக்காலம் ஆரம்பிக்கிற நேரம் பார்த்து மொட்டை மாடி முழுவதும் சோலார் பேனல் போட்டார். கொடிகளை அவிழ்த்துச் சுருட்டி ஆன்ட்டி கையில் கொடுத்துவிட்டு, மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. வங்காள விரிகுடாவில் எங்கே எது சுழன்றாலும் அது எங்கள் ஜீன்ஸைத் தேடித்தான் வந்தது. கட்டில் கம்பி, ஜன்னல் கம்பி, ஃபேன் இறக்கை எல்லாவற்றிலும் ஈரத்துணி. ஃபேனைப் போட்டால் சாக்ஸ் பறந்து வந்து முகத்தில் அடிக்கும். அறையெல்லாம் அரைத்து வைத்த மாவு புளித்த நாற்றம். அரக்கோணத்துக்கு வீசிங் வந்தது. என் கோட்டு நாற்றத்துக்கு சூப்பர்வைசர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

எதிர்ச் சாரியில் புதிதாக ஒரு ஹாஸ்டல் திறந்திருந்தார்கள். வாசலில் பெரிய போர்டு, அதில் ‘ட்ரையர் வசதி உண்டு’ என்று சிவப்பு எழுத்து. எங்களில் இரண்டு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். இன்னும் பலர் ஜன்னல் வழியாக அந்த போர்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாதிப் பேர் போனால் ஹாஸ்டலை மூடவேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். மூடினால் ஆன்ட்டி ஓசூரில் மகன் வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே மருமகள் துணியைக் காய்வதற்கு முன்பே மடித்து வைக்கிற ரகம். ஆன்ட்டிக்கு அதைவிட ஒரு தண்டனை கிடையாது.

“எத்தினி மழ வேணா வரட்டும்,” என்றார் ஆன்ட்டி. “நாமும் ட்ரையர் வாங்கறோம். கெளம்புங்க.”

கிளம்பினோம். ஆனால் ட்ரையர் வாங்கப் போகிறவர்கள் யாராவது பக்கெட்டில் ஈரத்துணி எடுத்துக்கொண்டு போவார்களா? ஆன்ட்டி எடுத்துக்கொண்டார். குடிபாலாவின் கனமான ஜீன்ஸ், ஒரு ரோஸ் கலர் துண்டு, என்னுடைய கோட்டு. ஆட்டோவில் பக்கெட் என் மடியில்.

ஷோரூமில் சேல்ஸ்மேன் புத்தூர்க்காரர், தமிழும் தெலுங்கும் தண்ணீர் பட்ட பாடு. பக்கெட்டைப் பார்த்து ஒரு நிமிஷம் திகைத்தாலும் சமாளித்துக்கொண்டார்.

“மேடம், மூணு டைப் இருக்கு. வென்டட்னா, சூடான காத்து துணிக்குள்ள போய், ஈரக் காத்து பைப் வழியா வெளிய போயிடும். கண்டென்சர்னா பைப் வேணாம், ஈரம் தண்ணியாகி உள்ள ஒரு டேங்க்ல நிக்கும், ஆனா ரூம் கொஞ்சம் சூடாவும். ஹீட் பம்ப்லயும் டேங்க்தான். சூடு கம்மி, கரண்ட் கம்மி, டைம் கொஞ்சம் கூட எடுக்கும். ஹாஸ்டலுக்கு அதான் மேடம் கரெக்ட்டு. துணியும் கெடாது.”

“சூடு கம்மின்றே. அப்புறம் எப்டிப்பா காயும்?”

“காயும் மேடம்.”

“ஈரம் எங்க போவுது?”

“எங்கயும் போவாது மேடம், டேங்க்லயே இருக்கும். நாம எடுத்து கொட்டிடலாம்.”

ஆன்ட்டிக்கு வந்ததே கோபம். “ஈரத்த வீட்டுக்குள்ளயே பெட்டில பூட்டி வச்சிக்கினு நான் தூங்கணுமா? ஈரம்னா வீட்ட உட்டு வெளிய போவணும். போறத நான் கண்ணால பாக்கணும். அந்த பைப்பு வச்சத ஓட்டிக் காட்டு.”

ஓட்டிக் காட்டுகிற வழக்கமில்லை என்றார் சேல்ஸ்மேன். ஆன்ட்டி பக்கெட்டை ஷோரூம் நடுவில் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் வந்தார். பக்கெட்டிலிருந்து வழிந்த தண்ணீர் புத்தம்புது டைல்ஸில் ஃப்ரிட்ஜ் பக்கமாக ஓடுவதைப் பார்த்தார். உடனே ப்ளக் மாட்டச் சொன்னார்.

மெஷின் ஓடி முடிக்கிற வரை நாங்கள் மட்டுமா காத்திருந்தோம்? திருமலையில் மொட்டை போட்டுவிட்டு மிக்ஸி வாங்க வந்த ஒரு குடும்பமே சுற்றி நின்றது. ஆன்ட்டி ஜீன்ஸை எடுத்தார், கன்னத்தில் வைத்தார், கண்ணை மூடினார். “உம்” என்றார். மொட்டைக் குடும்பத்துப் பெரியவர் அந்த ஜீன்ஸை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து, அவரும் தலையாட்டினார்.

“எதனா தொந்தரவு வந்தா ஒரு வாரத்துக்குள்ள வந்து மாத்திக்குவேன்,” என்றார் ஆன்ட்டி. அந்த பக்கெட் வெளியே போனால் போதும் என்று மேனேஜர் எல்லாவற்றுக்கும் சரியென்றார்.

பைப் வைத்த மெஷின் வந்து சேர்ந்தது. முதல் மாடியின் பின்பக்க பாத்ரூம் வென்டிலேட்டர் வழியாகப் பைப்பை வெளியே விட்டார்கள். எங்கள் பஸ் வந்து சேர்கிற அந்தி நேரத்தில் ஓடவிட்டால், புசுபுசுவென்று ஈரக்காற்று வெளியே போகும். ஆன்ட்டி மாடிப்படி ஜன்னலில் நின்று, பிடிக்காத விருந்தாளியை வழியனுப்புகிற முகத்தோடு அதைப் பார்ப்பார். அறைகள் காய்ந்தன. அரக்கோணம் மூச்சு விட்டாள். நாங்கள் எதிர் போர்டைப் பார்ப்பதை விட்டோம்.

வென்டிலேட்டருக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. ஓனரம்மாவின் துளசி மாடம் இருந்தது.

தீபாவளி கழிந்ததும் தெலுங்குக்காரர்களுக்குக் கார்த்தீக மாசம். விடிவதற்கு முன்னும் அந்தியிலும் துளசி மாடத்தில் விளக்கேற்றுவார்கள். மெஷின் வந்த மறுநாள் அந்தியில் ஓனரம்மா விளக்கோடு போய் நின்றதும், எங்கிருந்தோ மல்லிகை வாசனையோடு ஒரு வெதுவெதுப்பான காற்று வந்து அவரைத் தழுவியிருக்கிறது. அது குடிபாலா வாளியில் ஊற்றுகிற துணி வாசனைத் திரவம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அம்மவாரு, அதாவது அம்மனே, வந்துபோனதாக நம்பிவிட்டார். அடுத்தநாள் பக்கத்து வீட்டு அம்மாவையும் கூட்டிவந்து நிறுத்தினார். அதற்கடுத்த நாள் தெருவே வந்தது. எல்லோருக்கும் வாசனை வந்தது, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அப்புறம் பௌர்ணமி வந்தது. வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு திரி என்று மொத்தமாகக் கட்டி நெய்யில் நனைத்து ஏற்றுகிற பெரிய நாள். தெருப் பெண்கள் பட்டுப்புடவையில் கூடி நின்றார்கள். அன்று மாடியில் எங்கள் ஹாஸ்டலின் மொத்த பெட்ஷீட்டும் அந்த ரோஸ் துண்டும் மெஷினில். ஓனரம்மா ஏற்றினார், அணைந்தது. மறுபடி ஏற்றினார், மறுபடியும் அணைந்தது. மூன்றாவது முறை ஏற்றும்போது, மேலேயிருந்து ரோஸ் கலர் பஞ்சு ஒன்று மெதுவாக மிதந்து வந்து நெய்யில் உட்கார்ந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வென்டிலேட்டரில் பைப்பும், மாடிப்படி ஜன்னலில் ஆன்ட்டியும்.

ஓனரம்மா அழுதுவிட்டார். விளக்கு அணைந்ததற்கு ஒரு பங்கு, தெருவைக் கூட்டி அம்மவாரு வந்ததாகச் சொன்னதற்கு இன்னொரு பங்கு. ஓனர் மாடிக்கு வந்தார். வேண்டுமென்றே செய்ததாக அவருக்கு எண்ணம்.

“மாசக் கடைசிக்கு காலி சேயண்டி,” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினார்.

ஆன்ட்டி கெஞ்சவில்லை. நேராகக் கீழே போய் ஓனரம்மா கதவுக்கு வெளியே நின்றார். “அக்கா, உங்க விளக்க நான் வேணும்னு அணைக்கல. சாமி விளக்க யாராவது அணைப்பாங்களா? மிஷின நாளைக்கே தொரத்திர்றேன்.” உள்ளே டி.வி. சத்தம் இன்னும் கூடியது.

மறுநாள் பழைய மெஷின் ஷோரூமுக்குப் போனது. சேல்ஸ்மேன் வாயைத் திறப்பதற்கு முன் ஆன்ட்டியே சொல்லிவிட்டார்: “நீ சொன்னத நான் கேக்கல. இப்ப அதயே குடு.”

ஹீட் பம்ப் வந்தது. பைப் இல்லை, புகையில்லை, காற்றில்லை. நிதானமாகத்தான் காய்ந்தது. முதல் நடை முடிந்ததும் ஆன்ட்டி டேங்கை இழுத்துப் பார்த்தார். உள்ளே தளும்பத் தளும்பத் தண்ணீர். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? இத்தனை வருடம் போராடிய எதிரியை முதல் முறையாகக் கண்ணால் பார்க்கிறார். டேங்கைத் தூக்கிக்கொண்டு ரூம் ரூமாக வந்தார்.

“பாரு. இத்தினியும் உங்க ஜீன்ஸ்ல இருந்திச்சி. இத்தயா நீங்க இடுப்புல கட்டிக்கினு திரிஞ்சீங்க?”

சரியான மெஷின் வந்தும் என்ன பயன்? வீடு போகப் போகிறது. ஓனர் எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் பயந்தபடி இருந்தோம். ஆன்ட்டி மட்டும் ஒன்றும் நடக்காதது மாதிரி இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். ஓசூர் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகமாக வலித்தது.

ஒரு விடியற்காலை நல்ல மழை. நான் பஸ்ஸுக்குக் கிளம்பிப் படியிறங்குகிறேன், ஆன்ட்டி மாடிப்படி ஜன்னலில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். துளசி மாடத்தின் முன் ஓனரம்மா ஒரு கையில் குடையும் ஒரு கையில் விளக்குமாக நின்று இருமினார். புடவை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அது மழையில் நனைந்ததல்ல. அந்த மாதம் பூஜைக்கு அவர் மடிப் புடவைதான் கட்டுவார், அதாவது தானே துவைத்து, வேறு ஒருவர் கையும் படாமல் காயவைத்தது. மழையில் அது எங்கே காய்வது? பிழிந்து அப்படியே கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

காலி பண்ணச் சொன்ன வீட்டுக்காரி என்பதெல்லாம் ஆன்ட்டிக்கு மறந்துபோனது. ஈரப்புடவையோடு ஒரு மனுஷி நின்றால் அவரால் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

“அக்கா, இன்னா இது? ஈரத்தோட நிக்கிறீங்களே, நெஞ்சுல சளி கட்டிக்கினா யாரு பாப்பாங்க? மேல வாங்க, மிஷின்ல போட்டு குடுக்கறேன்.”

ஓனரம்மா நிமிர்ந்து பார்த்தார். “மீக்கெந்துகு?” என்றார், உங்களுக்கு என்ன என்பது போல. பிறகு இருமலுக்கு நடுவே, “இதி மடி சீர. எவரூ முட்டகூடது” என்றார்.

“யாரு தொடப் போறா? நீங்களே கொண்டாந்து போடுங்க, நீங்களே எடுத்துக்கினு போங்க. விளக்கு ஏத்தற வரைக்கும் நாங்க ஒருத்தரும் அந்தப் பக்கம் வரமாட்டோம். மிஷினுக்குக் கையே இல்லக்கா.”

ஓனரம்மா விளக்கையும் பார்த்தார், மழையையும் பார்த்தார். கைகள் இல்லாத ஒன்று தொட்டால் மடி கெடுமா கெடாதா என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை போலிருக்கிறது.

அடுத்த விடியற்காலை அவர் ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு மாடிக்கு வந்தார். மெஷினின் உள்ளும் புறமும் தெளித்தார். நெற்றி மாதிரி இருந்த இடத்தில் குங்குமம் வைத்தார். “வைக்கட்டும், பொட்டு வச்சா மோட்டாருக்கு ஒண்ணும் ஆவாது,” என்று எங்கள் காதில் சொன்னார் ஆன்ட்டி. அந்த மாதம் முடிகிற வரை விடியற்காலையில் மெஷின் பக்கம் போக எங்களுக்குத் தடை. பாத்ரூமுக்குப் போவதென்றால்கூடச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போனோம். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு துணி காய்ந்ததா என்று ஆன்ட்டியால் கன்னத்தில் வைத்துப் பார்க்க முடியவில்லை. பாவம், தூரத்தில் நின்று “காஞ்சிச்சாக்கா? நல்லா காஞ்சிச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஓனரம்மா தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துத் தலையாட்டுவார்.

மாசக் கடைசி வந்தது. ஓனர் சாவியை வாங்கப் படியேறி வந்தார். பாதிப் படி ஏறியிருப்பார்.

“ஏமண்டி,” என்று கீழேயிருந்து ஓனரம்மா குரல் கேட்டது. “கிந்திகி ரண்டி.”

கீழே வாருங்கள் என்று அர்த்தம். அவர் போனார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. எதிர் ஹாஸ்டலுக்குப் போன இரண்டு பேரும்கூடப் பொங்கலுக்குள் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து டிபன் கடையில் அந்த எதிர் ஹாஸ்டல் வார்டனைப் பார்த்தேன். முன்பின் பழக்கமில்லாதவர். அவரே வந்து பேசினார்.

“நீ ராணிப்பேட்ட பொண்ணுதானே? உங்க எல்லாருக்கும் பெட்டு எடுத்து வச்சிருந்தேன், ஒருத்தரும் வரலியே?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொன்ன பிறகுதான் விளங்கியது. ஓனர் காலி பண்ணச் சொன்ன அன்றைக்கு மறுநாளே ஆன்ட்டி அங்கே போயிருக்கிறார். தனக்காக இல்லை, எங்களுக்காக. அவர்களுடைய ட்ரையரில் ஒரு துண்டைப் போட்டு ஓடவிட்டுப் பார்த்து, திருப்திப்பட்ட பிறகு உட்கார்ந்து ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். அரக்கோணத்துக்கு வீசிங், ஜன்னலோரம் கட்டில் வேண்டும். குடிபாலா ரெண்டாவது தடவை சோறு கேட்க வெட்கப்படுவாள், நீங்களே போட்டுவிடுங்கள்.

“உன்னப் பத்தி இன்னா சொன்னாங்க தெரியுமா?” என்றார் வார்டன். “அந்தப் பொண்ணு தூக்கத்துல அழுவா, எழுப்பாதீங்க, எழுப்பினா வெக்கப்படுவா, பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா போதும், தானா நிறுத்திடுவான்னு சொன்னாங்க.”

வீட்டை விட்டு வந்த அந்த முதல் வருடம் நான் அழுதது ஒருத்தருக்கும் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். காபியை அப்படியே வைத்துவிட்டு ஹாஸ்டலுக்கு நடந்தேன். ஆன்ட்டி வாசலில் நின்றுகொண்டு, ஏன் லேட்டு என்று திட்ட ஆரம்பித்தார். திட்டட்டும் என்று நின்றேன். எவ்வளவு நேரம் திட்டினாலும் அன்றைக்கு எனக்குப் போதாது போலிருந்தது.

அதன் பிறகு வேறு கம்பெனி மாறினேன், சம்பளம் மாறியது, கம்பெனியே குவார்ட்டர்ஸ் தருகிறேன் என்றது. நான் போகவில்லை. என் வீட்டுக்காரர் இதைப் படித்தால் படிக்கட்டும்: கல்யாணம் மட்டும் ஆகாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அங்கேதான் இருந்திருப்பேன்.